அக்கா ஏறாத அம்பாசிடர்

ஜூன் 2, ஞாயிறு

வீட்டில் சத்தம் போட்டால் யாரும் காதில் வாங்குவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எமிலி அக்காவுக்கு எட்டாம் மாதம் முடியப்போகிறது. நேற்று எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பேர்தான் ஆஸ்பத்திரி. கட்டில் உண்டு, மெத்தை உண்டு, டாக்டர் சனிக்கிழமை மட்டும் உண்டு. நாங்கள் பறிக்கிற தேயிலை கப்பலேறிப் போகிறது. ஒரு டாக்டரால் வாரத்துக்கு இரண்டு நாள் மலையேற முடியவில்லை. வருகிறவர் நல்லவர்தான், அவரைத் திட்டிப் பயனில்லை. ரத்த அழுத்தம் ஏறி ஏறி இறங்குகிறது, பிரசவத்தை இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம், ஜூலை முதல் வாரமே பொள்ளாச்சிக்குப் போய் அங்கேயே தங்கிவிடுங்கள் என்றார்.

அக்கா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "நான் எங்கயும் போகல. அந்த வண்டியில ஏறமாட்டேன்."

அந்த வண்டி என்பது சகாயம் அத்தானின் அம்பாசிடர். அவர் அதை வைத்துத்தான் பொள்ளாச்சிக்குச் சவாரி அடிக்கிறார். டாக்சி டிரைவரின் பெண்டாட்டிக்குக் கார் ஆகாது. எங்கள் எஸ்டேட்டிலிருந்து இறங்கினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் அவளுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். பஸ் இன்னும் மோசம், நிற்கவே இடம் இருக்காது.

அத்தானிடம் சொன்னேன். எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார்.

ஜூன் 4, செவ்வாய்

இன்று காருக்கு அடியில் போய்ப் பார்த்தேன். முதுகில் இரண்டு அட்டை ஏறியதுதான் மிச்சம் என்று சொல்ல முடியாது. நிறையப் பார்த்தேன்.

பின்னால் இருக்கிற ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது, மற்றவை துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஷாக் அப்சர்பர் நான்கும் அந்தக் காலத்து வகை, கை மாதிரி மடங்கி மடங்கி வேலை செய்வது. எண்ணெய் எப்போதோ ஒழுகித் தீர்ந்துவிட்டது. இரும்போடு இரும்பு உரசாமல் காக்கிற ரப்பர் புஷ்கள் இருக்கவேண்டிய இடத்தில் கருப்புத் தூள் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கார் ஒவ்வொரு வளைவிலும் கும்பிடு போடுகிறது. இடது பக்கம் திரும்பினால் வலது பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, ஒருமுறை குலுங்கி, பிறகு அடுத்த வளைவுக்குப் போகிறது. நல்ல வயிற்றுக்காரனுக்கே குமட்டும்.

சாலையில் கோயம்புத்தூர்ப் பதிவெண் கார் ஒன்று நின்றது. கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒருவர் இறங்கி அம்பாசிடரை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். மார்க் த்ரீ மாடல், அபூர்வம், எதையும் மாற்றிவிடாதீர்கள், ஒரிஜினலாக வைத்திருங்கள் என்று எனக்கு அறிவுரை சொன்னார்.

ஒரிஜினலாக இது மேனேஜர் பங்களா கார். அப்போது இது வந்தால் என் தாத்தா ரோட்டை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். பிறகு தார்ப்பாய்க்கு அடியில் கோழி அடைகாக்கும் இடமாக இருந்ததை அத்தான் வாங்கினார். ஒரிஜினலில் காப்பாற்ற வேண்டியது எதுவும் எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கழற்றப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். மனம் நொந்து போய்விட்டார்.

ஜூன் 5, புதன்

ஒரு கம்பெனியில் ஷாக் அப்சர்பர் பிரிவில் இருந்தேன் என்று இங்கே எல்லோருக்கும் பெருமை. பாலிடெக்னிக் முடித்துப் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். பையன்களை இயந்திரத்தில் விட்டார்கள், பெண்களைப் பெட்டியில் அடுக்க விட்டார்கள். வருஷம் முடிந்ததும் புது பேட்ச் வந்தது, நாங்கள் வீட்டுக்கு வந்தோம். ஆயிரக்கணக்கான ஷாக்குகளைத் தாளில் சுற்றியிருக்கிறேன். ஒன்றைக்கூட மாட்டியதில்லை.

இப்போது மாட்டுவேன்.

ஜூன் 7, வெள்ளி

மழை. துணி காயவில்லை. கடைவீதி காசிம் அண்ணன் தன் ஒர்க்‌ஷாப்பில் இடம் தருகிறார். பதிலுக்கு நான் அவருக்கு வெல்டிங் செய்து கொடுக்கவேண்டும். அவருடைய வெல்டிங் எருமைச் சாணி மாதிரி இருக்கும் என்று அவரே சொல்கிறார்.

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்ததும் பின் ஸ்பிரிங்குகளைக் கழற்றினோம். அக்கா தூக்கு வாளியில் டீ கொண்டுவந்து, ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவள் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா. ஐம்பது பிள்ளைகளைக் கத்தாமல் தூங்கவைக்கிறவள். வேலை நடக்கிற இடத்தில் சும்மா இருக்க மாட்டாள். இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும், ஆனால் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தை நிறுத்துவதுதான் ஷாக் என்று சொன்னேன்.

"அப்ப ஸ்பிரிங்கு உங்கத்தான், ஷாக்கு நான்," என்றாள்.

காசிம் அண்ணன் சிரித்துச் சிரித்து ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டார்.

ஸ்டெபிலைசர் பார் என்று ஒன்று போடப்போகிறேன், இந்தக் காரில் அது கிடையவே கிடையாது என்றேன். வளைந்த ஒரு இரும்புக் கம்பி. முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். ஒரு பக்கம் சாயப்போனால் அந்தப் பக்கத்தைத் தனியே சாயவிடாது, மறுபக்கத்தையும் துணைக்கு இழுக்கும். அக்கா டீயை ஊற்றி என்னிடம் நீட்டினாள். "அது ஒண்ணுதான் உருப்படியான சாமான் மாதிரி தெரியுது," என்றாள்.

நல்லா ஆனா ஏறுவியா என்று கேட்டேன். டீ வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 12, புதன்

கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். நேராக நிற்கிற புது வகை ஷாக் நான்கு, வேறு ஏதோ வண்டியின் ஸ்டெபிலைசர் பார் ஒன்று, ரப்பர் புஷ்கள். மூன்று கடைக்காரர்கள் என்னைப் பார்த்து, யாருக்கு வாங்கிட்டுப் போறே, மேஸ்திரியப் போன்ல குடு என்றார்கள். நான்தான் மேஸ்திரி என்று மூன்று பேரிடமும் சொன்னேன். ஒருவர் மட்டும் உட்கார ஸ்டூல் கொடுத்தார். அவரிடம் வாங்கினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வரையாடு ஒன்று ரோட்டோரச் சுவரில் நின்று எங்களை மதிப்புப் போட்டது. பதினேழாவது வளைவில் நான் வெளியே பார்க்கவில்லை. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

ஷாக்குகளுக்கு இந்தக் காரில் மாட்டுமிடமே கிடையாது. இரும்புத் தகடு வெட்டி, துளை போட்டு, சட்டத்தில் பற்றவைத்தேன். இரண்டு தடவை தப்பு. மூன்றாவது தடவை சரியாக உட்கார்ந்தது. என் பெயரை அதன்மேல் வெல்டிங் ராடால் எழுதினேன். யாருக்கும் தெரியாத இடம்தான்.

காசிம் அண்ணன் எனக்குத் தெரியாமல் பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் செருகிவிட்டார். "ஒம்பது பேர் ஏறுற வண்டி தங்கச்சி, கெட்டியா இருக்கட்டும்." அவரையே பின்சீட்டில் உட்காரவைத்து மார்க்கெட் பள்ளங்களில் ஓட்டினேன். கூரையில் மூன்று தடவை தலை இடித்தது. திரும்பி வந்து, அவரே அந்தப் பட்டையைக் கழற்றினார்.

ஜூன் 18, செவ்வாய்

அத்தான் சவாரி இல்லாமல் வீட்டில் இருக்கிறார். குக்கர் விசில் எண்ணுகிறார். மறுபடியும் பாதி கழன்று கிடக்கிற காரைத் தினமும் வந்து பார்த்துவிட்டு, பிணத்தைப் பார்த்தவர் மாதிரித் திரும்பிப் போகிறார்.

எஸ்டேட் ரைட்டர் துரைராசுவும் வந்தார். ஆபீஸ் கணக்கு எழுதுகிறவர். எப்போதும் முன்சீட்டு, கதவோரம், அவருக்கு. டிரைவருக்கும் அவருக்கும் நடுவில் இன்னொரு ஆபீஸ் ஆள். பின்சீட்டில் பெண்கள், பிள்ளைகள், கோழி. யார் எங்கே உட்காருவது என்று இந்தக் காரில் யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் யாரும் மாறி உட்கார்ந்ததில்லை.

"என் சீட்டுல கைய வச்சிரலியே?" என்று கேட்டார். பெல்ட் மட்டும் மாட்டியிருக்கிறேன் என்றேன். கட்டிப்போடுறதுக்கா என்று சந்தேகமாகப் பார்த்தார்.

ஜூன் 22, சனி

ஓடுகிறது.

முன்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தியிருக்கிறேன். பார்க்கவே ஒரு நிதானம் வந்திருக்கிறது. வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துப் பயனில்லை, எப்போதும் போகிற பாரத்தோடு பார்க்கவேண்டும் என்றேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடுகளில் ஒரு சத்தம் கொடுத்தேன், ஒன்பது பேருக்குப் பதினாலு பேர் வந்துவிட்டார்கள். மிச்சப் பேருக்கு இரண்டாவது நடை.

அத்தான் ஓட்டினார். நாற்பதாவது வளைவு, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. கார் சாயவில்லை. குலுங்கவில்லை. பின்னால் இருந்த பெண்கள் பழக்கத்தில் ஒருவர்மேல் ஒருவர் சாயத் தயாராகி, சாய்வு வராததால் ஏமாந்து சிரித்தார்கள். அத்தான் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவருடைய கல்யாணப் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

"ரோட்ட கவ்விப் பிடிச்சுக்கிட்டுல்ல போகுது," என்றார். வீடு வரை அதையே சொன்னார்.

இன்று எனக்கு யார்மேலும் கோபமில்லை. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 23, ஞாயிறு

கோபம் திரும்பிவிட்டது.

நச்சரித்து நச்சரித்து அக்காவை ஏறவைத்தேன். ஐந்து வளைவு போய் திரும்பி வருவது என்று ஒப்பந்தம். ரைட்டரும் அவர் மைத்துனரும் புது வண்டியைப் பார்க்கவேண்டும் என்று முன்னால் ஏறிக்கொண்டார்கள். அக்கா வழக்கம்போலப் பின்சீட்டில், நடுவில். நான் அவள் பக்கத்தில்.

முப்பத்தெட்டாவது வளைவில் வாந்தி எடுத்தாள். என் மடியில்.

எனக்குப் புரியவில்லை. கார் சாயவில்லை, அது சத்தியம். திரும்பி வரும்போது மீட்டரைப் பார்த்தேன். முன்பு இருபதில் திருப்பிய வளைவை அத்தான் இப்போது முப்பத்தைந்தில் திருப்புகிறார். விசிலடித்துக்கொண்டே. மூன்று வாரம் நான் இரும்பைக் கடித்துச் சம்பாதித்துக் கொடுத்த சொகுசையெல்லாம் அந்த மனுஷன் ஒரே நாளில் வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டார்.

ஜூன் 24, திங்கள்

சண்டை. அத்தான் கட்சி: "வண்டிதான் நல்லா நிக்குதே, பெறகு எதுக்கு உருட்டிக்கிட்டுப் போகணும்?" என் கட்சியை இங்கே எழுத முடியாது, பிற்காலத்தில் பிள்ளை படிக்கும்.

அக்கா அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"வேகமும் இல்ல, ஆட்டமும் இல்ல. பின்னால உக்காந்தா முன்னால இருக்குற தலைங்கதான் தெரியுது. எது வருதுன்னு தெரியல. அன்னைக்கும் தெரியல."

அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். எந்த அன்றைக்கு என்பது மூன்று பேருக்கும் தெரியும். அரிசியை வாங்கி உலையில் போட்டேன்.

ஜூன் 26, புதன்

இன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அத்தானுக்கு வலது கையில் சுளுக்கு. திங்கட்கிழமை கோபத்தில் விறகு பிளந்ததன் பலன். ரைட்டருக்குப் பொள்ளாச்சியில் அவசர வேலை. வேறு வண்டி இல்லை. என்னிடம் லைசென்ஸ் இருப்பது திடீரென்று எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. ரைட்டர் தன் முன்சீட்டில் ஏறினார், மைத்துனர் நடுவில். பின்சீட்டில் காப்பகத்து டீச்சர்கள். நான் எப்படி ஓட்டுகிறேன் என்று கண்காணிக்க அத்தானும் வந்தார். அவருக்கு மிஞ்சியது பின்சீட்டின் நடு இடம்.

இந்த மலையில் பல வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். தன் காரின் பின்சீட்டில் அவர் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

நான் நிதானமாகத்தான் ஓட்டினேன். நாற்பது, முப்பத்தொன்பது. "கியர் மாத்து" என்றார். முப்பத்தெட்டு. "பிரேக்கு" என்றார். முப்பத்தேழில் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தாறில் ஒரு டீச்சர் அலறினாள். வண்டியை ஓரம் கட்டினேன். அத்தான் குனிந்து நின்று காலையில் தின்ற இட்டிலியையெல்லாம் மலைக்குத் திருப்பிக் கொடுத்தார். ரைட்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அத்தான் வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அவ இங்கயா உக்காந்து வருவா, ரூபி?"

ஆமா என்றேன்.

"ஒவ்வொரு தடவையும்?"

நான் மூன்று வாரமாகக் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். உள்ளே யார் எங்கே உட்காருகிறார்கள் என்று எனக்குத் தெரியும், இந்த நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன். எழுதிவிட்டு, ஸ்டெபிலைசர் பாருக்குக் கிரீஸ் வைக்கப் போய்விட்டேன். பாலிடெக்னிக்கில் காரின் எடை முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். முன்னால் யார், பின்னால் யார் என்று யாரும் கேட்கவில்லை. நானாவது கேட்டிருக்கலாம்.

ஜூன் 28, வெள்ளி

அக்கா நிபந்தனை போட்டாள். முன்சீட்டு. நடுவில் ஆள் கூடாது. வளைவு வருவதற்கு முன்னால் அவள் சொல்வாள், அவள் சொன்ன பிறகுதான் வண்டி திரும்பவேண்டும்.

"அப்புறம், ரூபி ஓட்டட்டும்."

அத்தான் சுளுக்குக் கையைத் தடவிக்கொண்டார். சுளுக்கு நேற்றே சரியாகிவிட்டது, அவர் கிணற்றில் நீர் இறைத்ததை நான் பார்த்தேன். பொம்பளை ஓட்டினால் லைனில் சிரிப்பார்கள் என்று சொல்லப்போகிறார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். நல்ல பதில், நாலு வரி.

"கை இன்னும் வலிக்கத்தான் செய்யுது," என்றார்.

பதில் வீணாகிவிட்டது.

ஜூன் 30, ஞாயிறு

ஒத்திகை. ஐந்து வளைவு போய் வந்தோம். அக்கா வாந்தி எடுக்கவில்லை. பசிக்கிறது என்றாள்.

ஜூலை 3, புதன்

பொள்ளாச்சி. காசிம் அண்ணனின் மாமியார் வீட்டு மாடியறை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி. அக்கா தூங்குகிறாள். அத்தானும் தூங்குகிறார், அவருக்குத்தான் ஓய்வு அதிகம் தேவை.

விடிந்ததும் கிளம்பினோம். நல்ல மழை. பையும் பாத்திரமும் அத்தானும் பின்சீட்டில். அத்தான் கையில் நாலைந்து பிளாஸ்டிக் பை, அவராகவே எடுத்து வைத்துக்கொண்டது. அக்கா முன்னால், பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இழுத்து மாட்டிக்கொண்டு, ஒரு கையால் டேஷ்போர்டைப் பிடித்தபடி.

"நாற்பது. வலது," என்றாள். திருப்பினேன். "முப்பத்தொம்பது. இடது. லாரி வருது, நில்லு." நின்றேன். பிள்ளைகளைச் சோற்றுக்கு வரிசையில் நிறுத்துகிற அதே குரல். முப்பதுக்கு வரும்போது எனக்கு அலுப்பே இல்லை. அவள் சொல்கிறாள், கை திருப்புகிறது, கார் சாயாமல் திரும்புகிறது. ஒரு காட்டெருமை பனிக்குள் நின்றது. அதற்கும் "கொஞ்சம் தள்ளு" என்றாள். தள்ளிப் போனது.

இருபத்தைந்தில் பின்சீட்டில் முதல் பை நிரம்பியது. அக்கா திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன், வேணுமா?"

பதினெட்டு தாண்டியது. அக்கா பேசவில்லை. பதினேழு என்று எழுதிய மஞ்சள் பலகை மழைக்குள்ளிருந்து தெரிந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். அவள் சொன்ன பிறகுதான் திருப்பவேண்டும் என்பது ஒப்பந்தம். பின்னால் அத்தானின் முனகல் நின்றுவிட்டது.

எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் இதே காரின் பின்சீட்டில், இதே மாதிரி மழையில், அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்தது இந்த வளைவில்தான். அழவில்லை. அத்தான் வண்டியை நிறுத்திவிட்டு ரோட்டில் நின்று கத்தினார். நான் அன்றைக்குக் கம்பெனியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கார் கிட்டத்தட்ட நின்றேவிட்டது.

"பதினேழு," என்றாள் அக்கா. "இடது."

திருப்பினேன். வைப்பர் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனாலும் ரோடு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது.

அத்தானின் கை பின்னாலிருந்து வந்து அக்காவின் தோளில் விழுந்தது. அவள் அதைத் தட்டிக் கொடுத்துவிட்டு, அப்புறப்படுத்தினாள்.

"பதினாறு. வலது. ஏட்டி, கனவு காணாத."

ஆழியாறு அணை தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, அக்கா இரண்டு வடை தின்றாள். அத்தான் சோடா மட்டும்.

ஜூலை 11, வியாழன்

பெண். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஆஸ்பத்திரி மாடிக்கே கேட்கிற மாதிரி அழுகிறாள். அத்தான் அந்த அழுகையைப் போனில் பதிவு செய்து, எல்லோருக்கும் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 21, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஏறும்போது அக்கா ஒன்றிலிருந்து நாற்பது வரை பிள்ளையின் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். பதினேழையும் சேர்த்து. பிள்ளை தூங்கிவிட்டது. அத்தான் ஒரே ஒரு பையோடு சமாளித்தார். பழகிவிடும்.

எனக்கு இனிமேல் திங்களும் வியாழனும் பொள்ளாச்சிச் சவாரி. அத்தானே சொன்னார். லைனில் சிரித்தார்கள்தான். முதல் நாள் சவாரிக்கே சீட்டுப் பிடித்துவைத்தவர்களும் அதே ஆட்கள்தான்.

நாற்பதாவது வளைவைத் தாண்டியதும் ரைட்டர் துரைராசு குடையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் கை காட்டி, பழக்கத்தில் நேராக வந்து முன்கதவைத் திறந்தார். உள்ளே அக்கா, மடியில் பிள்ளை, இரண்டு பேருக்குமாக ஒரு பெல்ட் கிடையாது என்பதால் இடையில் இரண்டு தலையணை. நான் வண்டியை ஊர்கிற வேகத்தில்தான் ஓட்டிவந்தேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பின்னால எடம் இருக்கு சார்," என்றேன்.

கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, பின்னால் போய் அத்தானுக்குப் பக்கத்தில் ஏறினார். வீட்டுக்கு இன்னும் பத்து வளைவாவது இருக்கும், எண் போடாத சின்ன வளைவுகள்.

அத்தான் அவரிடம் ஒரு பையை நீட்டினார்.